பச்சை வயர் தீர்ந்த அன்று

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அங்கே குளிர் எப்படி? காது அடைத்துக்கொண்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். மப்ளரைக் காதை மூடிக் கட்டு. அழகுக்காகக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரியாதே. நீ அங்கே முப்பது பேருக்கு போர்மேனாக இருக்கலாம், எனக்கு மூக்கு ஒழுகிய பயல்தான். இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. பெரியவளின் குழந்தைக்கு நாலு பல் முளைத்துவிட்டது. அந்த நாலையும் வைத்துக்கொண்டு உன் அத்தானுடைய செருப்பைக் கடித்து வாரையே அறுத்துவிட்டாள். இந்த வயசில் இவ்வளவு திறமை நம் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். நீயும் அத்தானும் கூட்டு வேலையாக வயரிங் செய்தீர்களே, அந்த வீட்டு டீச்சர். பிரிட்ஜ் கதவைத் தொட்டு, ஷாக் அடித்து, விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர். ஊன்றுகோலோடு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"வயர்மேன் எங்கம்மா?"

"அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போயிருக்கார் டீச்சர்."

"பெட்டி மடிக்கவா அந்தக் கையை வச்சிருக்கார்? ஏழு வருஷமா என் பிரிட்ஜ் ஹால்ல நிக்குது. வர்றவங்க எல்லாம் யாரோ விருந்தாளின்னு அதுக்கும் ஒரு வணக்கம் வச்சுட்டு வர்றாங்க. பின்பக்கச் சமையலறைக்கு மறுபடி கரண்ட் வேணும். அவரே வந்து செஞ்சு குடுக்கட்டும்."

அத்தான் வந்ததும் அவரிடமும் அதையே சொன்னார். அத்தான், "லைசென்ஸ் இல்லாத கை டீச்சர்," என்று பசை ஒட்டிய விரலைக் காட்டினார். உனக்குத்தான் தெரியுமே. அன்றைக்கு வைத்த டூல்ஸ் பையை இவர் இன்றுவரை தொடவில்லை. இந்த வீட்டில் பல்பு போனால் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டுகிறேன். வயர்மேன் பெண்டாட்டி வயர்மேன் ஆன கதை தெரு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

நானே லைசென்ஸ் ஆபீசுக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டேன். நிறுத்தி வைத்த லைசென்ஸை ஏழு வருஷத்துக்குள் கேட்டால் திருப்பித் தருவார்களாம். ஜூலை முப்பத்தொன்றோடு கெடு முடிகிறது. அதற்குப் பிறகு முதலிலிருந்து பரீட்சை. ஐம்பது தாண்டியவர்களை உட்கார விடமாட்டார்கள். இவருக்கு ஐம்பத்திரண்டு.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டார். ஒன்பதாவது மட்டும் காலி. "விபத்து எப்படி நேர்ந்தது, யாருடைய தவறு என்பதைக் கைப்பட எழுதிக் கையெழுத்திடவும்." இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கே கரண்ட் இன்ஸ்பெக்டரிடம் இவரே சொன்னதுதானே. எர்த்துக்குப் பச்சை வயர் போடாமல் சிவப்பைப் போட்டவனும் நான்தான், பதினோரு வருஷம் கழித்து அதை மறந்து லைட் வயர் என்று நினைத்து ஸ்விட்சில் மாட்டியவனும் நான்தான் என்று. தெருவில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார். எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்.

"வாயில வர்றது கையில ஏன் வரமாட்டேங்குது?"

"மை தீர்ந்துபோச்சு."

புதுப் பேனா, தம்பி. அன்று காலையில்தான் வாங்கினேன்.

நீ சொன்னால் கேட்பார். இரண்டு வரி எழுதிப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

*

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நலம். காது இப்போது பரவாயில்லை. உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்கு ஸ்வெட்டர், அத்தானுக்குப் புதுச் செருப்பு, உனக்குப் பிளாஸ்க் எல்லாம் அதே பார்சலில் இருக்கின்றன.

இப்போது மாணவர் விடுதி ஒன்றில் வேலை நடக்கிறது. நானூறு அறைகள். இங்கே சட்டம் கடுமை. எர்த் வயர் என்றால் பச்சையும் மஞ்சளும் கோடு கோடாக ஓடும் வயர் மட்டும்தான். அந்த நிறத்தை வேறு எதற்கும் போடக் கூடாது, வேறு எந்த நிறத்தையும் எர்த்துக்குப் போடக் கூடாது. போன வாரம் ஒருவன் நீல வயரை எர்த்துக்கு இழுத்து, இரண்டு முனையிலும் பச்சை டேப் சுற்றியிருந்தான். முனையில் சுற்றினால் நடுவில் பெட்டியைத் திறப்பவனுக்கு எப்படித் தெரியும்? அன்றே அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டேன். அனுப்ப வேண்டியதாயிற்று.

அத்தானை வற்புறுத்தாதே. மனசில்லாமல் செய்யும் தொழில் இல்லை இது. அட்டைப்பெட்டியில் ஷாக் அடிக்காது.

அனைவருக்கும் என் அன்பு.
தம்பி

*

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. ஸ்வெட்டர் இரண்டு வயசுக் குழந்தைக்கு உள்ளது, பரவாயில்லை, நம் குழந்தை வளர்கிற வேகத்துக்கு அடுத்த மாதமே சரியாகிவிடும். தைலம் மூக்கைத் துளைக்கிறது, முழங்காலுக்கு இன்னும் எட்டவில்லை. உன் காதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய். டாக்டரிடம் போனாயா இல்லையா?

வற்புறுத்தாதே என்று சுலபமாக எழுதிவிட்டாய். நீயா பார்க்கிறாய்? சாயங்காலம் கம்பெனி விட்டு வரும்போது வழியில் எங்காவது கட்டடத்தில் பைப் பதித்துக்கொண்டிருந்தால் இவர் நின்றுவிடுகிறார். கடைக்குப் போன மனுஷனைக் காணோமே என்று நான் தேடிப்போய் இரண்டு தடவை கூட்டி வந்திருக்கிறேன். வேறு யாரோ செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டு கையில் பால் பையோடு நிற்கிறார். டெஸ்டர் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதால் பல் குத்துகிறார் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

டீச்சர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். இருபத்தாறு வயசுப் பெண், முறையாகப் படித்த வயர்மேன். பெண்ணை வயர்மேன் என்று சொல்வதா என்று கேட்காதே, அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். மூக்குக்குக் கீழே வந்து நிற்கும் பெரிய கண்ணாடி. இங்கே எல்லாருக்கும் அவள் 'கண்ணாடி'தான். பைப் எங்கெங்கே ஓடுகிறது என்று கேட்க வீட்டுக்கு வந்தாள். அத்தான் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு முழு வீட்டையும் ஒரு கோடு பிசகாமல் வரைந்து கொடுத்தார். முன்பக்க அறைகளுக்கு ஒரு எர்த் குழி, பின்பக்கச் சமையலறைக்குத் தனிக் குழி. கண்ணாடி வாயைப் பிளந்துவிட்டாள்.

"எல்லாம் இவ்வளவு சுத்தமா ஞாபகம் வச்சிருக்கீங்க. பின்பக்கம் மட்டும் ஏன் சார் எர்த்துக்குச் சிவப்பைப் போட்டீங்க?"

"பச்சை தீர்ந்து போயிருக்கும்மா," என்றார் அத்தான். வேறு யாரோ செய்த வேலைக்குக் காரணம் ஊகிப்பதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து பசைச் சட்டையைத் துவைக்கப் போய்விட்டார்.

அவள் அரைகுறையாக விடுகிற பெண் இல்லை. பின்பக்கச் சுவரை உடைத்துப் பழையதெல்லாம் உருவி, குழியையும் தோண்டிப் புதுசாகச் செய்யப்போகிறாளாம்.

அத்தானுக்கு இரண்டு வரி எழுது என்றேனே, எழுதவில்லையே.

உன் அக்கா

*

மார்ச் 16

அக்காவுக்கு,

சுவரை உடைக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல். குழியையும் தோண்ட வேண்டாம். பழைய வீட்டில் சுவரை உடைத்தால் விரிசல் விடும். பழைய வயரை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, சுவருக்கு வெளியே புதுப் பைப் அடித்து, முன்பக்கக் குழியிலிருந்து எர்த் கொண்டுபோகலாம். அதுதான் நல்ல முறை. இதை உடனே சொல்லிவிடு.

தம்பி

*

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நாங்கள் நலம்.

குழந்தை பிறந்த சேதிக்குப் பதில் போட உனக்கு நாற்பது நாள் ஆயிற்று. டீச்சர் வீட்டுச் சுவருக்கு ஏழே நாளில் கடிதம் எழுதிவிட்டாய். ஆனாலும் பிந்திவிட்டது. அதற்குள் சுவரும் உடைந்தாயிற்று, குழியும் தோண்டியாயிற்று.

தோண்டின அன்று டீச்சருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். கண்ணாடி குழியை மூடியிருந்த செங்கல்லைப் புரட்டினாள். துருப்பிடித்த பைப், அதன் தலையில் சிவப்பு வயர். அந்த வயரில் ஒரு துணிக் கந்தல், முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. "இங்கே பாருங்கம்மா," என்று அதை வெட்டி எடுத்துத் தண்ணீரில் அலசினாள். மண் போனதும் பச்சை தெரிந்தது. பச்சையில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளி. "சிவப்பு வயரைப் பச்சைன்னு காட்ட யாரோ துணி கட்டியிருக்காங்க. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு மூளை இருந்திருக்கு, டேப்தான் இல்ல," என்று சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

உனக்கு என்னுடைய பச்சை ரவிக்கை ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் புள்ளி போட்டது. கக்கத்தில் கிழிந்துபோனதும் நாலு துண்டாக்கி, கை துடைக்க என்று உன் டூல்ஸ் பையில் வைத்தேன். அத்தானுக்கு அதில் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. அவர் பெண்டாட்டி ரவிக்கையில் கை துடைக்க மாட்டேன் என்று பழைய காக்கித் துண்டுதான் வைத்திருந்தார்.

நான் கிளம்பும்போது டீச்சர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "நான் இந்த வீட்டுக்குக் குடிவந்ததுக்கு முந்தின நாள்தான் உங்க சின்னவ பிறந்தா. உங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளா ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தார். பாவம் உங்க தம்பி, ஒத்தை ஆளா நின்னு பின்பக்கத்தை முடிச்சுக் குடுத்தான்."

நான் அஞ்சாம் கிளாசோடு நின்றவள்தான். ஆனால் இது அஞ்சாம் கிளாஸ் கணக்குத்தான்.

துணி என்னிடம் இருக்கிறது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பதில் எழுது.

அக்கா

*

மே 12

தம்பிக்கு,

என் கடிதம் வந்ததா? தபால்காரரைத் தினமும் கேட்கிறேன். "உங்க தம்பி எழுதினாத்தானேம்மா நான் கொண்டுவர முடியும், நானே உட்கார்ந்து எழுதவா?" என்கிறார்.

விண்ணப்பம் மேசைமேல் கிடக்கிறது. குழந்தை அதன் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டாள். ஒன்பதாவது கட்டத்துக்குச் சேதமில்லை.

அக்கா

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். விடுதி வேலை மும்முரம். காதுக்கு டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். இங்கே குளிர் விட்டு வெயில் வந்துவிட்டது. குழந்தைக்குக் கவுன் இரண்டு அனுப்பியிருக்கிறேன், இந்தத் தடவை அளவு விசாரித்து வாங்கினேன்.

ஆகஸ்ட் மாதம் என்னை நிரந்தரம் ஆக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். லைசென்ஸ், பழைய வேலை விவரம் எல்லாம் சரிபார்க்கிறார்கள். பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்குத்தான் இது கிடைக்கும்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன.

டெஸ்டர் இன்னும் அத்தான் சட்டைப் பையில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது நான் முதல் சம்பளத்தில் அவருக்கு வாங்கிக் கொடுத்தது.

தம்பி

*

ஜூன் 11

தம்பிக்கு,

கவுன் அளவாக இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். குழந்தை என்ன பாவம் செய்தது, போட்டுவிட்டேன்.

நீ எழுதுவாய் என்று காத்திருந்து கண் பூத்துப்போனதால் நேற்று துணியை அத்தான் முன்னால் வைத்தேன். காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதை எங்கே எடுத்தே?"

"எங்கே எடுத்திருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், "உன் தம்பி முடிச்சு. அவன்தான் இப்படி ரெட்டையாப் போடுவான். டீச்சர் விழுந்த அன்னைக்கே செங்கல்லைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்துட்டு மூடிட்டேன்."

ஏழு வருஷம், தம்பி. இரண்டு பேரும் சேர்ந்து ஏழு வருஷம் என்னை ஸ்டூலில் ஏற்றிப் பல்பு மாட்ட வைத்திருக்கிறீர்கள்.

நான் கத்திய கத்தில் கீழ்வீட்டுக்காரி மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் வந்த அன்று உன் கையில் பயணச் சீட்டு இருந்ததாம். எர்த்துக்குச் சிவப்பு போட்டது நீ என்று எழுதினால் உன் லைசென்ஸும் நிற்கும், உன் பயணமும் நிற்கும்.

"ரெண்டு பேர் கெடணும்னு என்ன இருக்கு? மாட்டுனது நான். ஒருத்தன் கெட்டாப் போதும்னு எல்லாத்தையும் நானே செஞ்சதாச் சொல்லிட்டேன்."

"அப்ப அதையே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வாயால ஒரு தடவை பொய் சொல்லிட்டேன். அதையே கைப்பட எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, அந்தப் பொய்யில லைசென்ஸ் வாங்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்? உண்மையை எழுதினா உன் தம்பி மாட்டிக்குவான். அதான் காலியா விட்டேன்."

இவ்வளவு சொல்லிவிட்டு மிச்சக் காபியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, சூடாக்கித் தரட்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

உன்னிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. நிரந்தர வேலை கிடைக்க எத்தனை வருஷம் பாடுபட்டாய் என்று தெரியும். நீ எழுதாவிட்டாலும் என் தம்பி இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் மப்ளரைக் காதை மூடிக் கட்டு என்று எழுத இனி எனக்கு மனசு வராது.

ஜூலை முப்பத்தொன்று புதன்கிழமை.

அக்கா

*

ஜூலை 6

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

லைசென்ஸ் ஆபீசுக்கு இன்று பதிவுத் தபாலில் நான் அனுப்பிய கடிதத்தின் நகல் இது. இதைப் பதினோரு தடவை எழுதிக் கிழித்தேன். பன்னிரண்டாவது இது.

"பதினெட்டு வருஷத்துக்கு முன் மேற்படி டீச்சர் வீட்டின் பின்பக்க வயரிங்கை நான் தனியாகச் செய்தேன். என் கூட்டாளி அன்று ஆஸ்பத்திரியில் இருந்தார். பச்சை வயர் முன்பக்க அறைகளோடு தீர்ந்துவிட்டது. கடைக்கு விடுமுறை. மறுநாள் காலை வீட்டுக்காரர் குடிவருகிறார். கையில் சிவப்பு வயர் மிச்சம் இருந்தது. அதை எர்த்துக்கு இழுத்து, குழியில் ஒரு முனையிலும் சமையலறையில் ஒரு முனையிலும் பச்சைத் துணி கட்டினேன். நடுவில் நடைவழிப் பெட்டியில் ஒன்றும் கட்டவில்லை. அடுத்த வாரம் வந்து பச்சை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மாற்றவில்லை. கூட்டாளியிடமும் சொல்லவில்லை.

பதினோரு வருஷம் கழித்துப் பின்வாசல் லைட் ஸ்விட்சை மாற்ற அவர் அந்தப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு சிவப்பு வயர் இருந்தன. டெஸ்டர் எரிந்தது கரண்ட் வயர். எரியாதது ஸ்விட்சிலிருந்து பின்வாசல் லைட்டுக்குப் போவது என்று எடுத்துக்கொண்டார். எந்த வயர்மேனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். எரியாதது என்னுடைய எர்த். அதை ஸ்விட்சில் மாட்டியதும் பிரிட்ஜ் உடம்பெல்லாம் கரண்ட் ஏறியது. கோடையில் குழி காய்ந்து கிடந்ததால் ஃப்யூஸும் போகவில்லை. சிவப்பை எர்த்துக்குப் போட்டது நான். அவர் அன்று சொன்னது உண்மை இல்லை, என்னைக் காப்பாற்றச் சொன்னது."

இங்கே கம்பெனிக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டேன். மேனேஜர் படித்துவிட்டு, "நீல வயருக்காக ஒருவனை அனுப்பியது நீதானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். நாளை முதல் நான் போர்மேன் இல்லை. வயர் இழுக்கும் வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். நிரந்தரம் இல்லை.

அத்தான், அன்று நீங்கள் இன்ஸ்பெக்டரிடம் பேசும்போது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். முழுக்கக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். இது ஆபீஸ் கடிதத்தில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

டீச்சருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அக்கா, நீயே கொண்டுபோய்க் கொடு.

தம்பி

*

செப்டம்பர் 16

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. எனக்கும் கடிதத்துக்கும் தூரம் என்று உனக்குத் தெரியும். உன் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத வைக்கிறாள்.

இங்கே அனைவரும் சௌக்கியம். நீ அங்கே ஏணி ஏறுகிறாய் என்று கேள்விப்பட்டேன். ஐந்தாறு வருஷம் கீழே நின்று கை காட்டியவனுக்குத் தொடை வலிக்கும். ராத்திரி வெந்நீரில் கால் வை.

ஒன்பதாவது கட்டத்தை ஜூலை இருபதாம் தேதி நிரப்பினேன். "சிவப்பு என் மைத்துனன் போட்டது. அன்று பின்வாசலில் பல்பு ஃப்யூஸ் போயிருந்தது. எரிகிறதா என்று பார்க்காமல், நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தது நான். ஒரு பல்பு போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது என் தவறு. இன்ஸ்பெக்டரிடம் பொய் சொன்னதும் நான்." இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னுடையது உனக்கு, என்னுடையது எனக்கு. ஆபீசில் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் படித்தார்கள். பொய் சொன்னதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆறு மாதம் வேறு லைசென்ஸ்காரர் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும், அப்புறம் முழு லைசென்ஸ் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். உனக்கு ஒரு வருஷம் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கடிதம் உனக்கு வரும்.

எனக்கு மேற்பார்வை கண்ணாடி. என் பெரிய மகளைவிட ஒரு வயசுதான் மூத்தவள். "சார், அந்த வயர் முறுக்கைத் திரும்பப் போடுங்க," என்கிறாள். போடுகிறேன்.

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் எல்லாப் பல்பையும் ஒரு தடவை கழற்றி மாட்டினேன். சமையலறை பல்பை உன் அக்கா ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தாள். எரிகிறது என்றாள். எரியத்தான் செய்யும் என்றேன்.

டீச்சர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் ஆள் அனுப்பினார், "பழசை உருவினதோட பின்பக்க எர்த் வேலையைக் கண்ணாடிகிட்ட சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். அவரே வந்து இழுக்கட்டும்," என்று. உனக்குப் பதில் எழுதுவாரா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஆரம்பித்தோம். சமையலறையிலிருந்து பின்பக்கக் குழிக்கு இழுத்துக்கொண்டு போனோம். பச்சையும் மஞ்சளும் ஓடுகிற உன் ஊர் வயரேதான், இப்போது இங்கேயும் அதுதான் சட்டம். குழிக்கு இன்னும் மூன்று கை அளவு இருக்கும்போது வயர்ச் சுருள் தீர்ந்துவிட்டது. கண்ணாடி கடைக்குப் போய் வந்து, புதன்கிழமைதான் சரக்கு வருமாம் என்றாள். என் பையில் சிவப்பு நிறைய இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

பையைக் கட்டி வைத்துவிட்டு வந்துவிட்டோம். "ஏழு வருஷம் ஹால்ல நின்ன பிரிட்ஜ், புதன்கிழமை வரைக்கும் நிக்காதா?" என்றார் டீச்சர்.

வேறு விசேஷம் இல்லை. குளிர் ஆரம்பிக்கும் முன் மப்ளரை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் உன் அக்கா. காதை மூடிக் கட்ட வேண்டுமாம்.

இப்படிக்கு,
அத்தான்